கன்னி மூலையை உயர்த்தியவர்

அரசாங்கம் வீட்டுக்கு வீடு டி.வி. கொடுத்த வருசம் அது. எங்கள் வீட்டில் அந்தப் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. கரிசலில் நின்ற பழைய வீடு, சுவரெல்லாம் வெடிப்பு. எந்தப் பக்கம் சாய்த்து வைப்பது? அந்த வருசம்தான் சிக்கந்தர் பாய் எங்கள் மனையில் கால் வைத்தார். அவர் மவுத்தாகிவிட்டார் என்று போன வாரம் வீரசோழன் பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள் சொன்னார்கள். என்னைவிட வயதில் இளையவர். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்வதை என் மகள் எழுதுகிறாள்.

புது மனை திருச்சுழி ரோட்டை ஒட்டிய சரிவு. மேட்டில் சரளை, பள்ளத்தில் கரிசல். பள்ளம் விழுந்ததோ தென்மேற்கில், கன்னி மூலையில். என் வீட்டுக்காரி பேச்சியம்மாள் பிறந்த வீட்டிலும் அந்த மூலைதான் பள்ளம். அங்கே அவள் அப்பாவும் தம்பியும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். “துபாய்ல கெடந்து சம்பாதிக்கிறான் எம்மகன். அவனைப் பள்ளத்துல குடிவைக்க மாட்டேன். மேடாக்குனாத்தான் உள்ள வருவேன்” என்று சொல்லிவிட்டாள். அவள் அண்ணன், என் மச்சான், கண்மாய் மண்ணை டிராக்டரில் கொண்டுவந்து குவித்துவிட்டார். அதைப் பரப்பி, மேலே கல் அஸ்திவாரம் போட்டுவிடலாம் என்பது அவர் திட்டம்.

இன்ஜினியர் என்று பாயைக் கூட்டிவந்தேன். வந்தவர் நாலு மூலையிலும் குழி தோண்டச் சொல்லி, பள்ளத்துக் குழியில் தானே இறங்கிப் பார்த்தார். “மாமா, பாதி வீடு சரளையில நிக்கும், பாதி கரிசல்ல நிக்கும். மழை பெஞ்சா கரிசல் எந்திரிக்கும், சரளை எந்திரிக்காது. நடுவுல வீடு கிழிஞ்சிரும். கொட்டுன மண்ணு அதுக்கு முன்னாடியே எறங்கிரும்.”

பேச்சியம்மாளுக்கு முகம் சிவந்தது. “அப்ப என் மகன் பள்ளத்துல கெடக்கணுமா தம்பி?”

சாஸ்திரம் பொய் என்று அவர் சொல்லவில்லை. “அத்தை, ஒங்களுக்கு வேணும்கிறது உசரமா, மண்ணா?”

“உசரந்தான்.”

“அப்ப தூணுல உசத்துறேன். கரிசலுக்கு அடியிலயும் சரளைதான், அதுவரைக்கும் தோண்டி எல்லாத் தூணும் சரளையில நிக்கட்டும். மேட்டுல கட்டைத் தூணு, பள்ளத்துல நெட்டைத் தூணு. தலையைப் பூராம் பீம் போட்டுக் கட்டிருவோம். கன்னி மூலையில ஒரு விரக்கடை, ஒரு விரல் அகலம், கூடவே ஏத்தி வைக்கிறேன்.”

மச்சான் விடுவாரா? “என்ன மாப்ள, வீடு கட்டச் சொன்னா பாய் பரண் கட்டுறாரு! மேல ஒக்காந்து கிளி வெரட்டப் போறியா?”

பேச்சியம்மாளுக்கு வேறு கவலை. “அடியில பொந்தா இருக்குமே. பேய் வந்து குடியேறிட்டா?”

“ஆட்டைக் கட்டுங்க அத்தை. அதுக கத்துற கத்துக்குப் பேய் எப்படித் தூங்கும்?”

அவள் சிரித்துவிட்டாள். குவித்த மண்ணையும் பாய் வீணாக்கவில்லை. “புஞ்சைக்கு அடிங்க, இதைவிட நல்ல உரம் கெடைக்காது” என்று மச்சானையும் சமாதானப்படுத்தினார்.

பள்ளத்துக் குழிகளைத் தோண்டும்போது நோன்பு மாதம். ஆளுயரம் போனதும் வேலையாட்கள் போதும் என்றார்கள். “கடப்பாரை ணங்குன்னு சொல்லட்டும்” என்று பாய் குழி மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் கிடப்பதைப் பார்த்துப் பேச்சியம்மாளும் சாப்பிடவில்லை. சாயங்காலம் நோன்பு திறக்கும் நேரத்தில் வெல்லம் கரைத்த பானக்காரத்தை நீட்டி, “குடிச்சிட்டுப் போ. ஒன்னால நானும் பட்டினி” என்று வைதாள்.

எத்தனையோ மழை பார்த்துவிட்டோம். சுவரில் ஒரு கீறல் கிடையாது. ஆனால் நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது வீடு மட்டுமல்ல. யாராவது மல்லுக்கு நின்றால், பதிலுக்குக் கத்தும் முன் ‘உனக்கு வேண்டியது என்ன?’ என்று இப்போது கேட்கிறேன். அதற்கு முன்னால் எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

அன்று மனையில் வாதாடியவர்கள் மூன்று பேர். மச்சான் முன்னமே போய்விட்டார். இப்போது பாயும் போய்விட்டார். நான் வாய் திறக்காமல் நின்றவன், கணக்கில் வர மாட்டேன். மிச்சம் இருப்பது, கன்னி மூலை அறையில் கட்டிலைப் போட்டு அயர்ந்து தூங்கும் என் பேச்சியம்மாள்.