ராகு காலத்துப் படிப்பு

உட்கார்ந்து படிக்கிறவனைக் கண்டால் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் பொறுக்காது. "சும்மாதான குந்திகினு கீற, போயி டயருக்குக் காத்து அடி" என்பார் பெரியப்பா. பெரியம்மாவுக்கு அப்போதுதான் விறகு பிளக்க வேண்டும் என்ற ஞாபகம் வரும். எதிர்வீட்டுக்காரர் கோர்ட்டு நோட்டீசைத் தூக்கிக்கொண்டு வருவார். இங்கிலீஷ் படித்தவன் ஊருக்குப் பொதுச்சொத்து. கையில் கடப்பாரை இருந்தால் வேலை செய்கிறான், புத்தகம் இருந்தால் சும்மா இருக்கிறான். இத்தனை வருஷம் ஆகியும் அந்தச் 'சும்மா'வைக் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். பூந்தமல்லியில் பெரியப்பாவுக்கு இரண்டு பஸ்கள் இருந்தன. இரண்டும் பட்டணத்துக்குப் போய்வரும். ஒன்றை நான் ஓட்டினேன், இரண்டையும் நானே ரிப்பேர் செய்தேன். தகப்பன் இல்லாத என்னை மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்கவைத்தவர் அவர்தான். அதனால் எதிர்த்துப் பேச வாய் வராது. வராத பேச்செல்லாம் உள்ளேயே கிடந்து புழுங்கும்.

அந்த வருஷம் மீனம்பாக்கத்தில் விமானம் ஓட்டக் கற்க எனக்கு ஓர் இலவச இடம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் குன்றத்தூர் வழியாகச் சைக்கிளை மிதித்துப் போவேன். என்ஜினோடு பழகிய கைக்கு ஓட்டுவது பெரிய பாடாக இல்லை. ஆனால் லைசென்சு வேண்டுமானால் எழுத்துத் தேர்வில் தேற வேண்டும். எழுதாவிட்டால் இடம் அடுத்தவனுக்கு. ஆகாயத்துச் சட்டம், விளக்குச் சைகைகள், திசைகாட்டிக் கணக்கு, மேகத்தின் ஜாதிகள் என்று புத்தகம் செங்கல் கனத்தில் இருந்தது. எதிரெதிரே வரும் இரண்டு விமானங்களும் வலப்பக்கம் ஒதுங்க வேண்டுமாம். காலை முதல் மாலைவரை ரோட்டில் இடப்பக்கம் ஒதுங்குகிறவனுக்கு அது மண்டையில் ஏற எவ்வளவு நேரம் வேண்டும்? எனக்கு நேரமே இல்லை. பொழுது சாய்ந்தபின் புத்தகத்தைத் தொட்டால் முதல் வரியிலேயே தூங்கிவிடுவேன்.

கடைசியில் நேரத்தைக் கொடுத்தது ராகு காலம். பெரியப்பா அந்த ஒன்றரை மணி நேரமும் ஷெட்டிலிருந்து வண்டியைக் கிளப்ப விடமாட்டார். பூந்தமல்லி வியாபாரிகளும் அந்த நேரத்தில் ஏறமாட்டார்கள். விறகு பிளக்கச் சொன்னாலும் அது புதுக் காரியம், ஆகாது. நோட்டீசு வாசிக்கவும் ஆள் வராது. திங்கட்கிழமை ஏழரை, புதன்கிழமை பன்னிரண்டு, செவ்வாய்க்கிழமை மூன்று என்று நாளுக்கொரு வேளையில் வரும் அந்த நேரத்துக்காக நான் காத்துக் கிடந்தேன். டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிடுவேன்.

பெரியப்பா பார்த்துவிட்டார். "ராவு காலத்துல பொஸ்தவத்தப் பிரிக்கிறியே, உருப்படுமாடா?"

"புதுசா எங்க பெரியப்பா பிரிக்கிறேன்? நல்ல நேரத்துல பிரிச்சது அப்படியே தொறந்து கீது. ஆரம்பிச்ச காரியம் தொடர்ந்தா தோஷம் இல்லன்னு நீங்கதான சொல்வீங்க?"

அவர் யோசித்தார். நியாயமாகப் பட்டது. அன்றிலிருந்து அந்தப் புத்தகத்தை நான் மூடவேயில்லை. படித்த பக்கத்தின்மேல் ஒரு ஸ்பானரை வைத்துவிட்டுப் போவேன். தாளெல்லாம் கிரீஸ் ஏறி, ஈ மொய்த்தது. ஆனாலும் நான்கு மாதத்தில் முக்கால் புத்தகம் படித்து முடித்தேன்.

தேர்வு ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு, கோட்டைப் பக்கத்தில். முத்திரை குத்திய அனுமதிக் கடிதம் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அன்று எட்டு மணி வண்டியை இன்னொரு டிரைவர் ஓட்ட, நான் பயணியாகப் போவதாக ஏற்பாடு. கிளம்பும்போது தகரப் பெட்டியைத் திறந்தேன். கடிதம் இல்லை. பேனாவும் இல்லை.

பெரியப்பா சிரித்துக்கொண்டே வந்தார். "பயப்படாத நைனா. பரீட்ச ராவு காலத்துல வருதில்ல? அதான் நேத்து நல்ல நேரத்துல நூம்பல்ல அத்த ஊட்டுல கொண்டும்போயி பரஸ்தானம் வெச்சிட்டேன். நீ நேத்தே கெளம்பிட்ட கணக்கு. ஆரம்பிச்சது தொடர்ந்தா தோஷம் இல்லன்னு நீதான சொன்ன? போற வழிதான, எடுத்துகினு போ."

நல்ல நேரம் தப்பிவிடும் என்றால் பயணச் சாமான் ஒன்றை முன்னாலேயே வேறு வீட்டில் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். துணி மூட்டையை வைப்பார்கள். இவர் கடிதத்தை வைத்திருக்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன்.

எட்டு இருபதுக்கு நூம்பலில் இறங்கி ஓடினால், அத்தை வீட்டில் பூட்டுத் தொங்கியது. எனக்காகத் திருவேற்காட்டுக் கோயிலில் தேங்காய் உடைக்கப் போயிருக்கிறார் என்று பக்கத்து வீட்டம்மாள் சொன்னாள். பஸ் எனக்காக நிற்காது, போய்விட்டது. பூட்டை உடைக்கக் கல்லை எடுத்தேன். "வெள்ளாட்டா கீதா? ஊட்டுக்காரி இல்லாதப்ப பூட்ட ஒடைப்பியா?" என்று அந்த அம்மாள் குறுக்கே வந்து நின்றாள். நான் கல்லைக் கீழே போட்டேன். போட்டிருக்கக் கூடாது.

அத்தை ஒன்பதேகாலுக்கு விபூதியும் சிரித்த முகமுமாக வந்தார். "இன்னாடா இப்பவே வந்துட்ட? ராவு காலம் முடிஞ்சிதான வருவன்னு நெனச்சேன்!" கடிதத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள். அதையும் பேனாவையும் பிடுங்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன்.

ரோட்டில் நின்ற பிறகுதான் உறைத்தது. பஸ் வராது. எங்கள் இரண்டாவது வண்டி ஷெட்டில் நிற்கிறது, பத்தரை வரைக்கும் நிற்கும். நான்கு மாதம் எந்த நேரத்தைத் தின்று படித்தேனோ அதே நேரம் என்னை நடுரோட்டில் நிறுத்திவிட்டது. கெட்ட வார்த்தைகள் அத்தனையும் வாயில் வந்தன. ஒரு செங்கல் லாரி ஏற்றிக்கொண்டது. நான் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை தாண்டிவிட்டது. ராகு காலம் முடிந்து நல்ல நேரம் பிறந்திருந்தது, கதவு சாத்தியிருந்தது.

தேர்வு நடத்திய துரை மஞ்சளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஆறு மாதம் கழித்து மறுபடி தேர்வு உண்டு, அதுவரை இடம் இருக்கும், அதற்கப்புறம் இருக்காது என்றார்.

வீட்டுக்கு வந்து வாழ்க்கையில் முதல்முறையாகப் பெரியப்பாவைப் பார்த்துக் கத்தினேன். "ஒங்க ராவு காலத்துல மண்ணள்ளிப் போட! திங்கக்கெழம ஏழரைக்கு வண்டிய எடுக்கறேன். எவன் தடுக்கிறான்னு பாக்கறேன்!"

"நல்லதுக்குத்தான் நைனா செஞ்சேன்" என்றார். முகம் செத்துப்போயிருந்தது. அதைப் பார்த்தும் எனக்கு இரக்கம் வரவில்லை.

திங்கட்கிழமை ஏழரைக்கு ஹாண்டிலைச் சுற்றி என்ஜினைக் கிளப்பி வண்டியை வெளியே எடுத்தேன். பெரியப்பா தடுக்கவில்லை, கும்பிட்டுக்கொண்டு ஓரமாக நின்றார். முதல் நாள் நான்கு பேர் ஏறினார்கள். அச்சும் முறியவில்லை, ஆளும் சாகவில்லை. அதன்பின் எந்தக் கிழமையிலும் ராகு காலத்தில் வண்டியை நிறுத்தவில்லை. மறுவாரம் குமாஸ்தாக்கள் ஏறினார்கள், காய்கறிக்காரிகள் கூடையோடு ஏறினார்கள். ஒரு மாதத்தில் படியில் தொங்கினார்கள். ஜெயித்துவிட்டேன் என்று ஹாரனை அடித்து அடித்து ஓட்டினேன். அந்த வீறாப்பில் ஒரு மாதமாகப் புத்தகத்தில் ஒரு வரிகூடப் படிக்கவில்லை என்பது எனக்குத் தெரியவில்லை.

தெரிந்த அன்று பெரியப்பாவிடம் போனேன். ராகு காலத்தில் மட்டும் வண்டியை நிறுத்திக்கொள்கிறேன் என்றேன்.

"எப்படிடா நிறுத்தறது? அந்த நடைக்குத்தான கூட்டமே வருது" என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார். "ராவு காலம் இன்னா பண்ணும்? நீதான ஓட்டிக் காட்டுன."

ஆறு மாதம் கழித்துத் தேர்வுக்கு அரை மணி முன்னாலேயே போய் உட்கார்ந்தேன். திசைகாட்டிக் கணக்கைத்தான் பெரிதாகக் கேட்டிருந்தார்கள். ஸ்பானருக்குக் கீழே ஆறு மாதமாகத் திறந்து கிடந்த பக்கம் அது. அதன்மேல் ஸ்பானரின் துரு எப்படிப் படிந்திருந்தது என்று அங்கேயே வரைந்து காட்டியிருப்பேன். அந்தப் பக்கத்தில் எழுதியிருந்ததில் ஒரு வரிகூட ஞாபகமில்லை, அதற்கு முன்னால் படித்ததும் ஆறு மாதத்தில் மறந்துபோயிருந்தது.

வெறுந்தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. பழக்க தோஷம், பஸ் நிற்கும் இடம்வரைக்கும் பெரியப்பாவையே திட்டிக்கொண்டு நடந்தேன்.