வீட்டு இலக்கம் கட்டாயம்

பதுளைக் கணினி வகுப்பில் நான் தட்டிய எழுத்து முதன்முதலாகத் திரையில் பெரிதாக வந்து நின்றபோது கத்தியே விட்டேன். இரண்டு சின்னக் குறிகளுக்கு நடுவே எங்கள் தோட்டத்தின் பெயரைப் போட்டிருந்தேன், அவ்வளவுதான். அது சுவரில் ஒட்டிய நோட்டீஸ் மாதிரி கொட்டை எழுத்தில் நின்றது! அடுத்த வரியில் பின்னணிக்குப் பச்சை கேட்டேன், பச்சை வந்தது. கேட்டது கேட்ட மாத்திரத்தில் எனக்குக் கிடைத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"மெதுவா தங்கச்சி, பக்கத்து ரூம்ல பரீட்ச நடக்குது" என்றார் மிஸ். எனக்கா மெதுவாக இருக்க முடியும்?

மடுல்சீமைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். சனிக்கிழமை விடியும்போதே கிளம்பி, கொஞ்ச தூரம் நடந்து, பிறகு பஸ் பிடிக்க வேண்டும். வீட்டில் கணினி ஏது? பஸ்ஸில் கொப்பியை மடியில் வைத்துப் பேனாவால்தான் வலைப்பக்கக் கோட் எழுதிப் பழகினேன். வளைவுக்கு வளைவு எழுத்து கோணிக்கொண்டு போகும். ஒருநாள் பக்கத்து சீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்து, "என்னாம்மா, மந்திரமா எழுதுற?" என்றார். "ஆமாங்க" என்றேன். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

கொழுந்து எடுக்கும் அம்மாவுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. "பொட்டியத் தட்டி என்னாத்தக் கிழிக்கப் போற? கொழும்புல கடையில வேல இருக்குன்னு மாமா சொல்லிட்டே இருக்காரு" என்பாள். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பவள் இல்லை. சண்டை முற்றி, கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். வகுப்பு இருக்கும்வரை நான் வீட்டில். வகுப்பு முடிந்த மறுவாரம் கொழும்பு.

வகுப்பு முடிய ஒரு வாரம் இருக்கும்போது மிஸ் ஒரு செய்தி சொன்னார். புதுசாகச் சேருபவர்களுக்கான அடுத்த வகுப்பை ஏதாவது ஒரு தோட்டப் பாடசாலையிலேயே ஆறு மாதம் நடத்தப் போகிறார்களாம். "ஒங்க தோட்டத்துக்கு வரணும்னா பன்னிரண்டு பேராவது சேரணும். பதிவுப் பக்கத்த நீங்களே செய்ங்க. வெள்ளிக்கிழம அஞ்சு மணிக்கு மூடிருவோம்." வகுப்பு வந்தால் நானும் உட்காரலாம், கொழும்பும் ஆறு மாதம் தள்ளிப்போகும்; ஆனால் ஏற்கனவே படித்தவள் என்பதால் என் பெயர் கணக்கில் வராது.

பன்னிரண்டு பேரா? ஊதித் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன். அங்கேயே உட்கார்ந்து பக்கத்தைச் செய்தேன். பட்டனுக்குக் கோயில் மஞ்சள் கொடுத்தேன். படிவத்தை மட்டும் பயிற்சித் தாளில் இருந்தபடியே இறக்கினேன்: பெயர், வயது, வீட்டு இலக்கம், வீதி. ஒவ்வொன்றுக்கும் 'கட்டாயம்' என்ற கட்டளையும் போட்டேன். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் பட்டன் அனுப்பாது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு, தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் போனில் அனுப்பினேன்.

திங்கள், ஒருவரும் இல்லை. செவ்வாய், புதன், அதே கதை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. டான்ஸ் வீடியோ பார்க்க நேரம் இருக்கிறதாம், பெயர் போட நேரம் இல்லையாம்! யாரோடும் பேசாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

வியாழக்கிழமை மாலை, கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்து அம்மா வந்த வேகமே சரியில்லை. "ஒன் படிவத்துல வீட்டு நம்பர் கேட்டியாமே?"

"ஆமா, அதுக்கென்ன?"

"நம்ம வீட்டு நம்பர் என்னா? சொல்லு. ரோட்டுப் பேரு என்னா?"

நாங்கள் இருப்பது லயத்தில். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் காம்பராக்கள், குடும்பத்துக்கு ஓர் அறை. எங்கள் தோட்டத்தில் இலக்கமும் இல்லை, வீதியும் இல்லை. எல்லாருக்கும் தோட்டத்தின் பெயர்தான் விலாசம். கடிதம் ஆபீசுக்கு வந்து, யார் கையிலாவது ஏறி, என்றைக்காவது வீடு வந்து சேரும்.

"புள்ளைங்க மடுவத்துல வந்து கேக்குதுங்க, 'பெரியம்மா, அது டவுன் ஆளுங்களுக்கு மட்டுந்தானா?'ன்னு. நீ எந்த வீட்டுலடி பொறந்த?"

செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. பதுளையில் நான் வகுப்புக்குச் சேர்ந்த அன்று அதே கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டுக் கூனிக் குறுகி நின்றேனே, அதற்குள் மறந்துவிட்டேனா? வெட்கமாக இருந்தது. சிக்னல் கிடைக்கும் கோயில் பாறைக்கு ஓடினேன். போனிலேயே அந்த இரண்டு கட்டங்களையும் அழித்துவிட்டு, ஒரே ஒரு கட்டம் வைத்தேன்: 'உங்க வீட்டுக்கு எப்படி வரணும்?' பிறகு குரல் செய்தி அனுப்பினேன். "தப்பு எம் மேலதான். இப்ப போடுங்கடி!"

மறுநாள் காலையில் வந்தன பாருங்கள்! 'தண்ணிப் பீலிக்கு எதிர்க் காம்பரா.' 'மாட்டுப்பட்டிக்குப் பின்னால, சத்தம் போட்டா வருவேன்.' 'நீலக் கதவு, நாய் இருக்கு, கடிக்காது.' பாறைமேல் நின்று தனியாகச் சிரித்தேன். மூன்று மணிக்குப் பதினொன்று. அதோடு நின்றுவிட்டது. நாலரைக்கும் பதினொன்றுதான். தெரிந்த எல்லாருக்கும் போன் போட்டுப் பார்த்துவிட்டேன்.

வேலை முடிந்து அம்மா நேரே பாறைக்கே ஏறி வந்தாள். "என்னா, மூஞ்சி இப்படி இருக்கு?"

"ஒண்ணு கொறையுதும்மா."

"போனக் குடு."

யாரையோ கூப்பிடப் போகிறாள் என்று நினைத்தேன். கொழுந்துக் கறை படிந்த விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒற்றை விரலால் ஒவ்வொன்றாகக் குத்தினாள். ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருந்தது. "இந்த மஞ்சளத்தான அமுக்கணும்?"

அமுக்கினாள். பன்னிரண்டு! நான் கத்திய கத்தலில் கீழே லயத்தில் நாய்கள் குரைத்தன.

"மாமாகிட்ட நீயே சொல்லிரு, கொழும்புக்கு வரலன்னு" என்று போனை என் கையில் திணித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள். நான் பட்டியலைத் திறந்தேன். பன்னிரண்டாவதாக அம்மாவின் பெயர். வயது நாற்பத்தேழு. வீட்டுக்கு வழி: 'கம்பியூட்டர் படிக்கிற புள்ள வீடு எதுன்னு யாரக் கேட்டாலும் காட்டுவாங்க.'