ஃப்ராங்க்காகப் பேசச் சொன்ன நாள்

பீன்யாவில் நான் வேலை செய்யும் தையல் ஃபேக்டரியில், துணி வாங்கும் கம்பெனிக்காக வேலையிடத்தைச் சோதிக்கும் ஆடிட் வருகிறது என்றால் முந்தின நாளே தெரிந்துவிடும். அவசர வழிக் கதவை அடைத்து நிற்கும் அட்டைப்பெட்டிகள் காணாமல் போகும். யாராவது கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று சூப்பர்வைசர் எங்களிடம் சொல்லிவிட்டுப் போவார்.

அந்த முறை ஆடிட்டுக்கு வந்தவர் தமிழ் பேசும் இளம்பெண். எங்கள் வரிசையிலிருந்து என்னையும் பக்கத்து மெஷின் அக்காவையும் தனியறைக்குக் கூப்பிட்டார். எனக்கு வெளியாட்கள் முன்னால் பேச்சே வராது. மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"பயப்படாதீங்க, ஃப்ராங்க்கா பேசுங்க. உங்க பேர் வெளியே போகாது" என்றார்.

அக்கா பேச ஆரம்பித்துவிட்டாள். அவளுக்குப் புருஷன் இல்லை. அவள் சம்பளத்தில்தான் வாடகையும் அரிசியும். மேசைக்கு அடியில் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். அவள் நிறுத்தவில்லை.

"கதவாண்ட தரையப் பாருங்க மேடம். பொட்டி இருந்த எடம் மட்டும் வெளுப்பா இருக்கும்."

போய்ப் பார்த்தார். சதுரம் சதுரமாகத் தெரிந்தது.

பெயர் வெளியே போகவில்லைதான். ஆனால் அந்த அறைக்குள் போனது நாங்கள் இருவர் என்பது எல்லோருக்கும் தெரியும். நான் வாய் திறக்க மாட்டேன் என்பதும் தெரியும்.

மறுவாரமே அக்காவை நாள் முழுக்க நின்றபடி நூல் வெட்டும் வேலைக்கு மாற்றினார்கள். ஏற்கெனவே முழங்கால் வலிக்காரி. மாதம் முடிவதற்குள் அவளே எழுதிக் கொடுத்துவிட்டு நின்றுவிட்டாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை.

பத்தாவதோடு நின்ற எனக்கு ‘ஃப்ராங்க்’ என்ற அந்த இங்கிலீஷ் சொல் உறுத்திக்கொண்டே இருந்தது. கல்லூரியில் படிக்கும் மகளிடம் கேட்டேன். போனில் பார்த்துச் சொன்னாள். முன்காலத்தில் ஐரோப்பாவில் ஒரு நாட்டைப் பிடித்து ஆண்ட கூட்டத்தாரின் பெயரிலிருந்து வந்ததாம். அங்கே முழு உரிமை அவர்களுக்கு மட்டும்தானாம். அதனால் யாருக்கும் அடிமையில்லாதவர் என்பதுதான் அதன் முதல் பொருள். மனதில் இருப்பதை ஒளிக்காமல் பேசுவது என்பதெல்லாம் பிறகு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனபோது இதைச் சொன்னேன். முழங்காலுக்குத் தைலம் தேய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆடிட்டுக்கு வந்த பொண்ணு இதையும் சொல்லிட்டு கேட்டிருக்கலாம்டி" என்றாள்.

தைல பாட்டிலை மூடி வைத்துவிட்டு, "பொட்டிங்கள மறுபடி வெச்சுட்டாங்களா?" என்றாள்.

வைத்து நாளாகிவிட்டது. முன்பைவிட ஒரு அடுக்கு அதிகம்.

"இல்லக்கா, கதவு தொறந்துதான் இருக்கு" என்றேன்.