ஒன்பதாம் பக்கத்தில் கிறேஸ்

கிறேஸ் செத்தபோது எங்கள் கோயில் பங்கின் இணையத்தளத்தில் அவளைப் பற்றி "புன்னகை மாறாத முகம்" என்று எழுதியிருந்தார்கள். சுத்தப் பொய். டவுன்டவுன் ஹோட்டல் ஒன்றின் லோண்டறியில் வருடக்கணக்காக அவளோடு ஒரே மேசையில் நின்று படுக்கை விரிப்பு மடித்தவள் நான். அவளுக்குக் கோபம் வரும், சலிப்பு வரும், காலையில் முதல் தேத்தண்ணி உள்ளே போகும்வரை ஒருத்தரோடும் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். அதை எழுதியவர்களுக்கு அவளைத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர்களுக்கு நேரமும் இருக்கவில்லை. எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன். என் பெயர் அக்னெஸ். எனக்கு நாக்குக் கொஞ்சம் நீளம் என்று சொல்வார்கள். சொல்லட்டும்.

கிறேஸ் மன்னார்க்காரி. நான் பாசையூர். தொண்ணூறுகளின் கடைசியில் ஞானேந்திரனைக் கட்டிக்கொண்டு மொன்றியலுக்கு வந்தாள். ஞானேந்திரன் ஜான்-டலோன் சந்தையில் ஒரு இத்தாலியனுடைய மரக்கறிக் கடையில் பெட்டி அடுக்குகிறவர். பத்துச் சொல் வேண்டிய இடத்தில் இரண்டு சொல்லோடு நிறுத்திவிடுகிற மனிதர். நோத்ர-டாம்-த-கிரேஸில் மூன்றாம் மாடியில் வீடு. பிள்ளைகள் இல்லை. நான் ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை, கேட்கிறதற்கு ஊரில் ஆளா இல்லை. அந்த வீட்டில் பெறுமதியான பொருள் என்றால் குசினியில் இருந்த பெரிய ஓவன் ஒன்றுதான். அதில்தான் அவள் கேக் போட்டாள்.

சும்மா கேக் இல்லை. கோயிலில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற முதல் நன்மைக்கு அவள் செய்த கேக் ஒன்றில் ஐசிங்கால் செபமாலை சுற்றியிருந்தாள். நன்மை எடுத்த பிள்ளை அதை நிசம் என்று நினைத்துக் கழுத்தில் போடப் பார்த்து, வெள்ளைச் சட்டையெல்லாம் சீனியாகி, தாய் போட்ட சத்தம் எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. கலியாணக் கேக்குக்கு அவள் செய்யும் ரோசாப்பூவில் ஒவ்வொரு இதழும் வேறு வேறாக மடிந்திருக்கும். அப்படிப்பட்ட கைகளைத்தான் லோண்டறியின் ஆவியும் மருந்துத் தண்ணீரும் தின்றுகொண்டிருந்தன. விரல் மூட்டுகள் வீங்கி, காலையில் கையைப் பொத்த முடியாமல் கிடந்து முழிப்பாள். ஐசிங் பையைப் பிடித்து அமத்த விரல்தானே வேண்டும்.

"விரல் போறதுக்கு முன்னம் நான் இதுக்குள்ளாலை வெளிக்கிடோணும் அக்கா. கேக் மட்டும் செய்து சீவிக்கோணும்" என்று ஒருநாள் விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். பென்ஸ் கார் கேட்கவில்லை, பங்களா கேட்கவில்லை.

எங்கள் ஆட்களை நம்பி வேலையை விட முடியாது. "நீ எங்கட பிள்ளைதானே" என்று ஆரம்பித்து, கடைசியில் ரிச் கேக்கைச் சும்மா கேட்கிற சனம். அதனால் தெரியாத ஆட்கள் தன்னைத் தேடி வரவேண்டும் என்று கிறேஸ் முடிவெடுத்தாள். இந்த ஊரில் ஒரு பிரெஞ்சுப் பெட்டைக்குக் கலியாணம் என்றால் அவள் கேக்குக்கு யாரைக் கேட்பாள்? கூகிளைத்தான். அங்கே கிறேஸ் இருக்கவேண்டும். 2006 இலையுதிர்காலம், நூலகத்தில் சின்ன வியாபாரக்காரருக்கு இலவசமாக ஒரு வகுப்பு நடந்தது. தேடுகிறவர்கள் கண்ணில் படும்படி இணையத்தளத்தை எப்படி மேலே கொண்டுவருவது என்று படிப்பித்தார்கள். எல்லாம் பிரெஞ்சில். வேலை முடிந்து, பஸ்ஸில் தூங்கி விழுந்து, போய் முன்வாங்கில் இருந்து படித்தாள்.

அடுத்த நாள் மடிக்கிற மேசையில் எனக்குப் பாடம் நடக்கும். கலியாணப் பெட்டை என்ன சொல் போட்டுத் தேடுவாள் என்று யோசித்து அந்தச் சொல்லைத் தலைப்பில் வைக்கவேண்டுமாம். 'காத்தோ த மரியாஜ்', அதுதான் கலியாணக் கேக், என்று மட்டும் போட்டால் பெரிய பெரிய கடைகளோடு மல்லுக்கட்ட வேண்டிவரும், அதனால் பக்கத்தில் எங்கள் பகுதியின் பெயரையும் போடவேண்டுமாம். ஒவ்வொரு படத்துக்கும் பெயர் எழுதவேண்டுமாம், ஏனென்றால் கொம்பியூட்டருக்குக் கண் தெரியாதாம். எனக்கு அரைவாசி விளங்கவில்லை. ஆனால் அவள் சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது, அதற்காகவே கேட்டுக்கொண்டிருந்தேன். தளம் வந்தது. முன்பக்கத்தில் மூன்று தட்டுக் கேக்குக்குப் பக்கத்தில் அவள் நிற்கிற படம். வீட்டுப் போனில் நாடாப் பெட்டி ஒன்று பூட்டிப் பதிவுக் குரலும் வைத்தாள்; ஆள் எடுக்காவிட்டால் அது பேசும், அடிக்கிறவர் சொல்வது அறைக்குள் கேட்கும். லோண்டறியில் எங்களோடு நின்ற ஹெயிட்டிக்காரி சொல்லிக்கொடுக்க, "போன்ஜூர், இது கிறேஸ் கேக்ஸ்" என்று தொடங்கி "மெர்சி" என்று முடிகிற வரைக்கும் பிரெஞ்சில் பாடமாக்கிப் பேசினாள்.

எனக்கும் ஒரு வேலை தந்தாள். சொந்தக் கொம்பியூட்டரில் தேடினால் அது முகஸ்துதி செய்து மேலே காட்டுமாம். அதனால் சனிக்கிழமை காலையில் நான் என் வீட்டிலிருந்து தேடி, அவள் எத்தனையாம் பக்கத்தில் வருகிறாள் என்று போனில் சொல்லவேண்டும். முதல் சனிக்கிழமை பார்த்தேன், பார்த்தேன், பக்கம் பக்கமாகத் தட்டிக்கொண்டே போனேன். ஒன்பதாம் பக்கத்தில் நின்றாள். சனிக்கிழமைகளில் அவள் கை முழுக்க ஐசிங், போனை எடுக்கமாட்டாள். பதிவுக் குரல் பேசி முடிந்ததும் நான் "ஒன்பது!" என்று கத்திவிட்டு வைப்பேன். குசினியில் நின்றபடியே அவளுக்குக் கேட்கும். திங்கட்கிழமை வந்து என்னை முறைப்பாள், ஏதோ நான்தான் அவளை அங்கே கொண்டுபோய் இருத்தினேன் என்ற மாதிரி.

சொல் சரி, தலைப்புச் சரி, படம் சரி. வகுப்பு ஆசிரியர் பார்த்துவிட்டு, ஒன்றே ஒன்றுதான் குறை என்றாராம். அதைக் கிறேஸ் எனக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன்: "வேற ஆக்கள் எங்களைக் காட்டோணும் அக்கா. நாங்களே எங்களைக் காட்டினா அது கணக்கில்லை." மற்றவர்களுடைய தளங்களில் அவளுடைய தளத்துக்கு ஒரு லிங்க் இருக்கவேண்டும். நாலு பேர் கைகாட்டினால்தான் கூகிள் திரும்பிப் பார்க்கும்.

கேட்கப் போனாள். தன்மானக்காரி, அரைக் கிலோ சீனி கடன் வாங்கமாட்டாள், ஆனால் இதற்காக ஒவ்வொரு வாசலாகப் போய் நின்றாள். கலியாணப் படம் எடுக்கிற பற்றிக்கிடம் கேட்டாள். அவனுடைய படங்களில் பாதி அவளுடைய கேக். பாப்பம் என்றான். கலியாண மண்டபக்காரரும் பாப்பம் என்றார்கள். லண்டனில் இருக்கிற தன் பள்ளிக்கூடப் பழைய மாணவியர் சங்கத்துக்கு எழுதினாள், பதிலே இல்லை. எங்கள் சனத்தின் அகராதியில் 'பாப்பம்' என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும்தானே. கடைசியாகக் கிறகரி அண்ணையிடம் போனாள். பங்குத் தளம், ஊர்ச் சங்கத் தளம் இரண்டும் அவர் கையில். நானும் கூடப் போயிருந்தேன். வாசலிலேயே நிறுத்திவைத்துச் சொன்னார்: "பிள்ளை, எங்கட தளத்திலை வியாபாரம் போடுறேல்லை. திருவிழாவும் மரண அறிவித்தலும் மட்டுந்தான்."

ஒரே ஒரு வரி கேட்டாள். கல்லில் நார் உரித்திருக்கலாம். திரும்பி வரும்போது மெட்ரோவில் கையுறையைக் கழற்றி விரல்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அப்படியும் விடவில்லை. சொற்களை மாற்றினாள், புதுப் படம் போட்டாள், எட்டுக்கு வந்தாள், ஏழுக்கு வந்தாள். ஒரு சனிக்கிழமை ஆறாம் பக்கம். நான் கத்தியதும் ஐசிங் கையோடு போனை எடுத்துச் சிரித்தாள், அந்தச் சிரிப்பு வேண்டுமென்றால் எழுதியிருக்கலாம். பிறகு மறுபடி ஒன்பது. ஆறாம் பக்கத்துக்கும் யாரும் வருவதில்லை, அது வேறு கதை. தெரியாத ஆளிடமிருந்து அவளுக்கு ஒரு கேக் ஓடர்கூட வரவில்லை.

2008 மாசி மாதம். காலை வேலைக்கு வர ஷேர்புரூக் தெருவில் பஸ்ஸுக்கு நின்றவள் பனிக்குள் விழுந்தாள். மூளையில் நரம்பு வெடித்துவிட்டது என்றார்கள். நான் லோண்டறியில் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று, எங்கே இன்னும் காணவில்லை என்று அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன். பெரிய விரிப்பைத் தனியாக மடிக்க முடியாது, நாலு மூலைக்கு இரண்டு ஆள் வேண்டும். பின்னேரம் அவள் போய்விட்டாள். என் பிள்ளை, என் தங்கச்சி, என்ன உறவென்றாலும் சொல்லுங்கள், போய்விட்டாள்.

மரண அறிவித்தல் போடவேண்டும். படம் ஒன்று தாருங்கள் என்று அறிவித்தல்காரர் கேட்டார்கள். ஞானேந்திரனிடம் என்ன படம் இருக்கிறது? கலியாணப் படத்தில் முக்காடு போட்டுத் தலையைக் குனிந்திருக்கிறாள். கேக்குக்குப் பக்கத்தில் நிற்கிற படம்தான் நல்லது, அவளின்ரை தளத்தில் பாருங்கோ என்று தளத்தின் விலாசத்தைக் கொடுத்துவிட்டார். அவர்கள் படத்தை எடுத்ததோடு, அறிவித்தலின் கீழே அந்த விலாசத்தையும் போட்டுவிட்டார்கள். எங்கள் ஆட்களுக்குச் செத்த வீட்டு அறிவித்தல் என்றால் தெரியும்தானே, ஒரு எழுத்தும் மாற்றாமல் அப்படியே எடுத்து ஒட்டுவார்கள். ஒட்டினார்கள்.

பங்குனியில் ஞானேந்திரன் எனக்குப் போன் எடுத்தார். அந்த மனிதர் தானாக எனக்குப் போன் எடுத்தது அதுதான் முதல் தடவை. "அக்கா, பிரெஞ்சுக்காரியள் எடுக்கினம். கேக் வேணுமாம். ஒவ்வொரு நாளும் எடுக்கினம். அவள் இருக்கேக்க ஒருத்தரும் எடுக்கேல்லையே." தன்னால் பதில் சொல்ல முடியவில்லை, போன் அடித்தால் அடிக்கட்டும் என்று விட்டு அவளுடைய பதிவுக் குரலைக் கேட்டுக்கொண்டு இருக்கிறேன் என்றார்.

நான் கொம்பியூட்டரைப் போட்டேன். அவள் சொல்லித்தந்த அதே சொற்கள். தட்டித் தட்டிப் போக ஆயத்தமாகக் கையை வைத்தேன், போகத் தேவை இருக்கவில்லை. முதலாம் பக்கம், முதலாவது வரி, கிறேஸ் கேக்ஸ். யார் யார் அவளைக் காட்டுகிறார்கள் என்று பார்க்கவும் அவள் பழக்கியிருந்தாள். பார்த்தேன். பங்குத் தளம். ஊர்ச் சங்கம். லண்டன் பழைய மாணவியர். பாரிஸ், நோர்வே, ரொறன்ரோ. மண்டபக்காரர். கண்ணீர் அஞ்சலி என்று பற்றிக். எல்லாம் அவளுடைய மரண அறிவித்தல், எல்லாவற்றின் கீழும் அவளுடைய தளத்துக்கு ஒரு லிங்க். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். என் கிறேசுக்கு இறந்த பிறகு மட்டும்தான். கொம்பியூட்டருக்கு முன்னால் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து மண்டபத்தில் சாப்பாடு. கிறகரி அண்ணை தட்டோடு என்னிடம் வந்தார். பெருமையாகச் சொன்னார்: "கிறேசின்ரை அறிவித்தலை எல்லா நாட்டுத் தளத்திலையும் சொல்லிப் போடுவிச்சனான், அக்னெஸ். ஒரு குறையும் விடேல்லை."

என் நாக்கு எப்போதும் கையிருப்பில் இருக்கும். அன்றைக்கும் இருந்தது. "உயிரோடை உங்கட வாசலிலை நிண்டு ஒரு வரி கேட்டவள், கிறகரி அண்ணை. நானும் பக்கத்திலை நிண்டனான்." அவர் தட்டை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, அவளின்ரை நேரம் அவ்வளவுதான், நாங்கள் என்ன செய்யிறது என்றார். "சாவு வாறநேரம் வரும் அண்ணை. நான் அதைச் சொல்லேல்லை. அந்த வரியைப் போட்டிருந்தா அவள் தன்ரை குசினியிலை, கையிலை மாவோடை செத்திருப்பாள். பஸ்ஸுக்கு நிண்டு செத்திருக்கமாட்டாள்." பக்கத்து மேசையில் இருந்த பற்றிக் எழும்பிக் கை கழுவப் போனான். ஒருத்தரும் கெட்டவர்கள் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. செத்த வீட்டுக்கு முதல் ஆளாக ஓடிவருகிற சனம்.

ஞானேந்திரன் என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். தளத்தை எடுத்துவிடப் போகிறேன், கேக் கேட்டு வருகிற குரல்களை இனிக் கேட்க முடியாது என்றார். எடுத்துவிடுங்கோ என்றேன். கதவைப் பிடித்தபடி நின்றார்.

"சனிக்கிழமையிலை உங்கட போனுக்குத்தான் அவள் காத்துக்கொண்டிருப்பாள். ஒருக்கா அவளுக்குச் சொல்லிவிடுங்கோ அக்கா. பேந்து தளத்தை எடுத்துவிடுறன்."

சனிக்கிழமை காலையில் தேடிப் பார்த்தேன். அங்கேயே நின்றாள். போனை அடித்தேன். அது அடித்து அடித்து நின்றது, பிறகு கிறேஸ் பேசினாள். போன்ஜூர் என்றாள், பாடமாக்கிய பிரெஞ்சை ஒரு இடத்திலும் தடக்காமல் சொன்னாள், மெர்சி என்றாள். பேசச் சொல்லி 'பீப்' சத்தம் கேட்டது. இந்தமுறை நான் கத்தவில்லை.

"கிறேஸ், அக்னெஸ் அக்கா கதைக்கிறன். முதலாம் பக்கம். முதலாவதா நிக்கிறாய் பிள்ளை. உனக்கு மேலை ஒருத்தரும் இல்லை."

அந்தப் பக்கம் ஞானேந்திரன் குசினியில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அவர் போனை எடுக்கவில்லை. நாடா முடிந்து அதுவாக வெட்டும்வரை நானும் வைக்கவில்லை.