மாலை போட்ட தலைவர்

பட்டுச்சேலை பார்டர் வரைய ஆரணியில் ஏழு பேர் சேர்ந்து ஒரு இலவச சாப்ட்வேர் எழுதினோம். பாதிக்கு மேல் எங்களில் மதிவதனி எழுதியது. 2005இல், இனி அதில் எதை மாற்றலாம் என்று யார் முடிவு செய்வது எனப் பேசக் கூடினோம். ஊர் வழக்கம் விடுமா? கூட்டத்துக்கு இடம் கொடுத்த ஜவுளிக்கடைக்காரரைத் தலைவராக்கி மாலை போட்டோம். கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத மனுஷன்! மதிவதனியை டீ சொல்லிவிட்டு வரச் சொன்னோம்.

"இனிமே என் கையெழுத்து இல்லாம ஒரு வரி மாத்தக்கூடாது," என்றார் தலைவர்.

டீ சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்த மதிவதனி எழுந்தாள். "வெக்கமா இல்ல? யார் வேணும்னாலும் எடுத்து மாத்திக்கலாம்னுதானே எழுதினோம்? நான் அத எடுத்துக்கினு போய் தனியா நடத்துறேன். நாற்காலிய நீங்களே வச்சிக்குங்க."

ஒரே வாரத்தில் ஆறு பேரும் அவளிடம் போய்விட்டோம். அவர் இன்னும் தலைவர்தான். அந்த மாலையைப் பேரம் பேசி வாங்கி வந்த என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.