ஆனிக் கடைசியில் ஒரு கறுப்புப் பட்டம்

அடிப்பிடித்த ஜவ்வரிசிக் கஞ்சியின் வாசனை மாடிப்படி வழியாக இறங்கிவந்து சமையலறையை எட்டும்போது, அம்மா கையிலிருந்த கரண்டியைச் சட்டியின் மேல் வைத்துவிட்டு, "ஆரம்பிச்சுட்டாளா?" என்பாள். மாடியில் மூன்று செங்கல்லைக் கூட்டி அடுப்பாக்கி, பழைய டால்டா டப்பாவில் அக்கா மாஞ்சா காய்ச்சிக்கொண்டிருப்பாள். உடைந்த சோடாப் பாட்டிலைத் துணியில் முடிந்து இடித்து, அம்மாவின் மாவுச் சல்லடை அல்லாத வேறொரு சல்லடையில் சலித்து (இந்த "அல்லாத" என்பதில் அம்மாவுக்குக் கடைசிவரை சந்தேகம் இருந்தது), கோலத்துக்கு வாங்கிய ரோஸ் பொடியில் கொஞ்சம் திருடிப் போட்டுக் கிண்டினால், கொழகொழவென்று ஒரு பாகு வரும். மாடியின் இந்தக் கைப்பிடிச் சுவருக்கும் அந்தக் கைப்பிடிச் சுவருக்கும் நூலை ஓடவிட்டு அந்தப் பாகைத் துணியால் பிடித்து உருவிக்கொண்டே போவோம். மத்தியான வெயிலில் அது காய்ந்து விறைத்துப்போய் ரோஸ் கம்பிபோல நிற்கும்.

வடக்கே தை பிறக்கையில் ஊரே மாடியேறிப் பட்டம் விடும் என்று இப்போது தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். எங்கள் திண்டுக்கல்லில் பட்டத்தின் மாதம் ஆனி. மலைக்கோட்டையைச் சுற்றிக்கொண்டு வரும் அந்தக் காற்றில் கதவுகள் தாமாக அறையும். கொடியில் போட்ட துணி பக்கத்துத் தெருவில் கிடைக்கும். பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர்கள் எல்லாரும் அழுவதுபோலக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்பார்கள். ஊரே திட்டும் அந்தக் காற்றுக்காக எங்கள் வீட்டில் ஒருத்தி வருஷம் பூராவும் காத்துக்கொண்டிருந்தாள்.

மல்லிகா அக்கா எனக்கு ஒன்பது வயது மூத்தவள். அப்பா பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தார். நாங்கள் இரண்டும் பெண்கள். அக்காவுக்குப் பட்டம் விடச் சொல்லிக்கொடுத்தவர் என்று யாருமில்லை. சின்ன வயதில் தெருப் பையன்களோடு விட்டாள். அந்தப் பையன்கள் எல்லாரும் மீசை முளைத்து, வேலைக்குப் போய், பட்டத்தை விட்டுவிட்டார்கள். அவள் மட்டும் விடவில்லை. கல்லூரி முடித்து டைப்ரைட்டிங் போய்வந்த காலத்திலும் சாயங்காலம் மாடியில்தான் இருப்பாள். "பொம்பளப் புள்ளைக்கு வானத்துல என்னடி வேலை?" என்பது அம்மாவின் அன்றாட வசனம். "காத்து இருக்கையில விட்டுக்கட்டும், காத்து நின்னா தானா எறங்கி வரும்" என்பது அப்பாவின் பதில். அவர் பட்டத்தைச் சொன்னாரா அக்காவைச் சொன்னாரா என்பது அம்மாவுக்கும் பிடிபடவில்லை.

நான் சொல்ல வந்த அந்த ஆனியில், தோல் பதனிடும் தோல்ஷாப் பக்கத்து மாடி ஒன்றிலிருந்து ஒரு கறுப்புப் பட்டம் ஏறத் தொடங்கியது. யார் விடுகிறார்கள் என்று தெரியாது. தூரத்தில் வெள்ளை பனியன் போட்ட ஓர் உருவம் மட்டும் தெரியும். கறுப்பு வந்தால் எங்கள் தெரு வானத்தில் வேறு எதுவும் நிற்காது. மேலேயிருந்து சரிந்து வந்து, நம் நூலின் மேல் படுத்து, ஒரே இழுப்பு. அவ்வளவுதான், நம் கையில் தொளதொளவென்று வெறும் நூல் இருக்கும். அக்காவின் பட்டங்களே அந்த மாதத்தில் எத்தனையோ போயின. ஒவ்வொரு தடவையும் அவள் நூலைச் சுற்றிக்கொண்டே, "இழுத்து அறுக்குறான். நான் விட்டு அறுக்கணும்" என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள். நூலை இழுக்காமல், சரசரவென்று விட்டுக்கொண்டே போனால், ஓடுகிற நூல் ரம்பமாகி எதிராளியின் நூலை அறுக்கும் என்பது அவள் கணக்கு. சொல்ல எளிது, நெஞ்சுரம் வேண்டும். கையிலிருக்கும் நூலையெல்லாம் காற்றுக்குக் கொடுத்துவிட்டுச் சும்மா நிற்க வேண்டும்.

இந்த நேரத்தில்தான் குஜிலியம்பாறைப் பக்கமிருந்து பெண் பார்க்க வருகிறோம் என்று ஆள் வந்தது. ஆடி பிறந்துவிட்டால் யாரும் இந்தப் பேச்சை எடுக்கமாட்டார்கள் என்பதால், ஆனிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. ஆனிக் கடைசி என்றால் காற்று எப்படி இருக்கும் என்பதை அம்மா யோசிக்கவில்லை. நாங்கள் இருவரும் யோசித்தோம். முந்தைய இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்ததால் அம்மாவின் முகத்தில் சிரிப்பே இல்லை. "அன்னைக்கு ஒரு நாள் மாடிப்படில கால் வச்சே, நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்றாள். அக்கா தலையாட்டினாள். நான் மட்டும் மாடிக்குப் போகலாம் என்று அனுமதி. வீட்டுக்குள் நின்று வந்தவர்களை வேடிக்கை பார்க்காமல் இருந்தால் போதுமாம்.

அவர்கள் மூன்று பேர் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, பெரியப்பா. மாப்பிள்ளை நெட்டையாக, வெயிலில் கறுத்து, சட்டைக் காலரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மாடிப்படியின் திருப்பத்தில் நின்று அவ்வளவையும் பார்த்துவிட்டுத்தான் மேலே போய், அக்கா முந்தின நாள் ஒட்டிவைத்திருந்த சிவப்புப் பட்டத்தை ஏற்றினேன். காற்று அதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. செத்த நேரத்தில் அது மலைக்கோட்டை உயரத்துக்கு நின்றது.

கறுப்பு வந்தது.

தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் முதலில் பார்த்துவிட்டார்கள். "கறுப்பு வருது! கறுப்பு வருது!" என்று தெருவே கத்தியது. இறக்கிவிடலாமா என்று நினைப்பதற்குள் அது என் நூலின் மேல் வந்து படுத்தது. விரலில் அந்தக் கரகரப்பை உணர்ந்தேன்.

கீழே என்ன நடந்தது என்பதை அக்கா பிறகு சொல்லிக் கேட்டதுதான். பாயில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாளாம். பெரியப்பா பஜ்ஜியைப் பிட்டுக்கொண்டே, "கொழம்பு வெஞ்சனமெல்லாம் வைக்கத் தெரியுமாத்தா?" என்று கேட்டாராம். அந்நேரம் தெருவின் கூச்சல் ஜன்னல் வழியாக உள்ளே வந்திருக்கிறது. அக்கா நிமிர்ந்தாள். "செத்த இருங்க, வாரேன்" என்று எழுந்து உள்ளே போனாள். வந்தவர்கள் தண்ணீர் கொண்டுவரப் போகிறாள் என்று நினைத்தார்கள். அம்மாவுக்கு மட்டும் உயிர் போய்விட்டது.

பட்டுச்சேலையும் தலை நிறைய மல்லிகையுமாக அக்கா மாடியில் வந்து நின்ற கோலம் எனக்கு இப்போதும் கண்ணில் இருக்கிறது. முந்தானையை இடுப்பில் செருகினாள். "குடுடி" என்று நூலை வாங்கினாள். வாங்கியதும் அவள் செய்தது ஒன்றே ஒன்றுதான்: விட்டாள். நூல்கண்டு என் கையில் துள்ளித் துள்ளி உருண்டது. சிவப்பு பின்னால் பின்னால் போய்க்கொண்டேயிருந்தது. கறுப்பு இழுத்தது, நாங்கள் விட்டோம். "நூல் தீரப்போகுதுக்கா!" என்று நான் அலறினேன். "தீரட்டும்!" என்றாள். கண்டில் கடைசிச் சுற்றுகள் தெரியத் தொடங்கியபோது, அந்தக் கறுப்பு, குடித்தவன் நடையாய் ஒரு தள்ளாட்டம் போட்டு, தலை சாய்ந்து, மெதுவாக ரயில்வே லைன் பக்கம் மிதந்து போனது.

"அறுந்துச்சுடோய்!" என்று அக்கா போட்ட சத்தம் நாலு தெருவுக்குக் கேட்டிருக்கும். தெருப் பிள்ளைகள் விசிலடித்தார்கள். தூரத்து மாடியில் அந்த வெள்ளை பனியன், கையை நெற்றிக்குக் கொண்டுபோய் எங்களைப் பார்த்து ஒரு சலாம் வைத்தது. அக்காவும் பெரிய கும்பிடாகப் போட்டாள். அப்புறம்தான் அவளுக்கு நினைவு வந்தது. மெதுவாகக் கைப்பிடிச் சுவர் வழியே எட்டிக் கீழே பார்த்தாள். வாசலில் எல்லாரும் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா, அம்மா, பெரியப்பா, வாயைத் திறந்தபடி மாப்பிள்ளை, கண்ணுக்கு மேல் கையை வைத்தபடி அவருடைய அம்மா. அக்காவின் ஆள்காட்டி விரல் அறுபட்டு, பட்டுச்சேலையில் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

"வீட்டுல கலந்துகிட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்று பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். மாப்பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் போனதும் அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அப்பா மிச்சமிருந்த பஜ்ஜியை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, "விட்டே அறுத்துட்டாளே" என்று யாரிடமென்றில்லாமல் சொன்னார்.

அடுத்த சில நாளில் ஆடி பிறந்துவிட்டது. இனி ஆடி முடியும்வரை நல்லதோ கெட்டதோ, ஒரு சேதியும் வராது. அந்த ஆடிக்காற்று போல ஒரு காற்றை நான் கண்டதில்லை. ஆனால் அக்கா மாடி ஏறவில்லை. "நீ விடு, நான் வரல" என்பாள். ஒருநாள் கொடியில் துணி எடுக்கும்போது மட்டும், "நான் எந்திரிச்சுப் போயிருக்கக் கூடாதோ?" என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? "கறுப்பு அறுந்துச்சுல்லக்கா?" என்றேன். சிரித்தாள். சிரித்துக்கொண்டே முகத்தைத் துணிக்குள் புதைத்துக்கொண்டாள். தெரியாத்தனமாய் ஏதோ சொல்லிவிட்டேன் என்று நினைத்து, மிச்சத் துணியை நான் எடுத்தேன்.

ஆவணி பிறந்த வாரத்தில், ஒரு பை நிறையப் பச்சைக் கடலையோடு மாப்பிள்ளையின் அம்மா மட்டும் தனியாக வந்து இறங்கினார். அம்மா பதறிப்போய்ப் பாயை விரித்து, "தெரியாம செஞ்சுபுட்டா, சின்னப்புள்ளத்தனம்..." என்று தொடங்கினாள். அந்த அம்மாள் கையமர்த்தினார்.

"எங்க வீட்டுல எனக்கு வாச்சது நாலு ஆம்பளைங்க. புருசன், மூணு மகன். நாள் பூராவும் நாலு வார்த்தை பேச மாட்டாய்ங்க. சோறு போட்டாத் தின்பாய்ங்க, போடலைன்னா அதையும் கேக்க மாட்டாய்ங்க. இருபத்தஞ்சு வருசமா நான் மாட்டுகிட்டப் பேசிட்டு இருக்கேன். அன்னைக்கு இந்தப் புள்ள மாடியில நின்னு போட்டுச்சே ஒரு சத்தம், அம்புட்டுச் சந்தோசமா ஒரு சத்தத்தை நான் கேட்டே நாளாச்சு. எம்மவன் பஸ்ஸுல ஏறுனதுல இருந்து, 'அது எப்பிடிம்மா இழுக்காமலே அறுந்துச்சு'ன்னு ஊரு போய்ச் சேர்ற வரைக்கும் பேசிட்டு வாரான். எம்மவன் பேசுறான்! அவன் பெரியப்பாருக்குத்தான் மனசில்ல. அவரை நான் பாத்துக்கிறேன்."

அப்பா அக்காவைக் கூப்பிட்டு, "நீ என்ன சொல்றே ஆத்தா?" என்றார். அக்கா கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, கொஞ்சம் யோசித்து, நேராக அந்த அம்மாளைப் பார்த்துக் கேட்டாள்.

"உங்க ஊர்ல மாடி இருக்கா அத்தை?"

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். அந்த அம்மாளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மாடி இல்ல தாயி. ஓட்டு வீடு. ஆனா வெள்ளாமைக் காடு கெடக்கு, கண்ணுக்கு எட்டுன மட்டும். கம்பமும் கெடையாது, கம்பியும் கெடையாது. நீ எம்புட்டு நூலு வேணாலும் விடு."

தாலி கட்டி அனுப்பிய அன்று அம்மா அழுத அழுகையில் பாதி சிரிப்பு கலந்திருந்தது. அடுத்த ஆனியில் நாங்கள் போனபோது, அறுவடை முடிந்த காட்டில் அக்கா பட்டம் விட்டுக்கொண்டிருந்தாள். மாமா நூல்கண்டைப் பிடித்திருந்தார். அத்தை வரப்பில் உட்கார்ந்து, "விடுடி, விடுடி" என்று கத்திக்கொண்டிருந்தார்.

போன மாதம் அக்கா கண் பரிசோதனைக்காகத் திண்டுக்கல் வந்து என் வீட்டில் தங்கினாள். அவளுக்கு இப்போது பேரன் இருக்கிறான். சாயங்காலம் காற்று கதவை அறைந்ததும் அவளால் இருக்க முடியவில்லை. செய்தித்தாளும் ஈர்க்குச்சியும் சோற்றுப் பருக்கையும் கொண்டு ஒன்றை ஒட்டினாள். மாஞ்சா இல்லை, வெறும் தையல் நூல். பைக்கில் போகிறவர்களின் கழுத்தை அறுத்துப் பல உயிர்களைக் குடித்த பிறகு மாஞ்சாவுக்குத் தடை வந்தது. வரவேண்டியதுதான், எங்களுக்கு அதில் வருத்தமில்லை. செல்போன் கோபுரத்துக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் தகரக் கூரைகளுக்கும் நடுவே ஓர் இடுக்கைக் கண்டுபிடித்து ஏற்றிவிட்டாள்.

பட்டம் நின்றது. அக்கா வானத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். சுற்றிலும் எத்தனையோ மாடிகள், ஒன்றிலும் ஆளில்லை. வானத்தில் எங்களுடையதைத் தவிர ஒன்றுமில்லை.

"அறுக்க ஒருத்தருமில்லாம பட்டம் விடுறது, தனியா உக்காந்து தாயம் உருட்டுற மாதிரி இருக்குடி" என்றாள்.

இருட்டத் தொடங்கியது. சாப்பிடக் கூப்பிட்டேன். இறக்கிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் நூலைத் தண்ணீர்க் குழாயில் இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"நிக்கட்டும்" என்றாள். "யார் கண்ணுலயாச்சும் படும்."