வாரத்துக்கு ஒன்று போதும்

புணேயில் கேம்ப் என்ற பகுதியில் இருந்த தனியார் மருத்துவமனை ஒன்றில் ஆனந்தவல்லி பதினொரு வருடமாக வரவேற்பு மேசையில் இருந்தாள். தமிழ், மராத்தி, இந்தி மூன்றும் தெரிந்தவள். அதனாலேயே கெட்ட செய்தி எதுவானாலும் அவள் வாயால்தான் சொல்ல வைப்பார்கள்.

2004 ஜூனில் வந்த செய்தி, அரசு ஊழியர், ஓய்வூதியர்களின் மருத்துவ அட்டை இனி அங்கே செல்லாது என்பது. அரசு தரவேண்டிய ஒன்றரை வருடப் பாக்கி வரவில்லை என்றது மருத்துவமனை. பில்லைக் கூட்டிப் போட்டிருக்கிறார்கள், சரிபார்க்காமல் தரமாட்டோம் என்றது அரசு அலுவலகம்.

அன்று முதலில் வந்தவர் துரைசாமி. அரசு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விஷ்ராந்த்வாடியில் அவள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருந்தார். சிறுநீரகம் கெட்டு, வாரம் இரண்டு முறை டயாலிசிஸ்.

"கார்ட் பந்த் ஆயிடுச்சு மாமா. இனிமே கைக்காசு கட்டணும்."

"சர்க்கார் ஆஸ்பத்திரில?"

"மூணு மாசம் காத்திருக்கணுமாம்."

அவர் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார். "பென்ஷன்ல வாரத்துக்கு ஒண்ணுதான் முடியும்."

"ஒண்ணு பத்தாது மாமா."

"தெரியும். அத்தைகிட்ட மட்டும், டாக்டரம்மாவே ஒண்ணு போதும்னாங்கன்னு சொல்லிடு வல்லி. தெரிஞ்சா இருக்கற வீட்ட வித்துடுவா."

மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னாள். அவர் கண்ணைப் பார்த்தபின் மறுக்க முடியவில்லை. சாயங்காலம் போய்ச் சொன்னாள். "அப்போ கொணமாகுதுன்னுதானே அர்த்தம்?" என்று அவர் மனைவி வேதநாயகி பேடா வாங்கி வந்து தெருவுக்கே கொடுத்தாள். ஆனந்தவல்லியும் வாங்கித் தின்றாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பஸ் பிடித்து அரசு அலுவலகத்துக்கு நான்கு தடவை போனாள். ஃபைல் மேலே போயிருக்கிறது என்றார்கள். மருத்துவமனை மேலாளரிடம் கெஞ்சினாள். ஒருவருக்கு விட்டால் எல்லோரும் கேட்பார்கள் என்றார்.

ஆகஸ்டில் நுரையீரலில் நீர் கோத்து துரைசாமி இறந்துபோனார். அக்டோபரில் இரு தரப்பும் சமாதானமாகி, அட்டை மறுபடி செல்லுபடியானது.

அந்த வாரம் இறப்புக் காகிதங்கள் வாங்க வந்த வேதநாயகி மேசை முன்னால் நின்றாள்.

"டாக்டரம்மாவப் பாத்தேன். ஒண்ணு போதும்னு நான் சொல்லவே இல்லையேங்கறாங்க. நீ சொன்னியே வல்லி?"

ஆனந்தவல்லி எல்லாவற்றையும் சொன்னாள்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே" என்றாள் வேதநாயகி கடைசியில். கணவரைச் சொன்னாளா, தன்னைச் சொன்னாளா, ஆனந்தவல்லிக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஆறு வருடம் ஒரே தெருவில் இருந்தார்கள். வேதநாயகி அவளோடு பேசவில்லை.